நீ சுத்தம் செய்த குரல்

சரவணா,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் பேசினால் அது நீ காதுக்குள் செருகியிருக்கும் ஏதோ ஒன்றின் வழியாகத்தான் உனக்கு வந்து சேரும். பாதிப் பேச்சில், "இரும்மா, உன் வாய்ஸ் ரொம்ப மந்தமா வருது, டிப்ப மாத்திக்கிறேன்" என்பாய். நீ மாற்றிவிட்டு வருவதற்குள் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும், அல்லது இதையெல்லாம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிடும். கண்ணுக்குச் செருகும் கருவி எதையும் நீ இன்னும் வாங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். அடையாறில் உன் வீட்டுக்கு இது வந்து சேரும்போது பாட்டை நிறுத்திவிட்டுப் படி.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று, முகூர்த்தத்தன்று ஆழ்வார்பேட்டை மண்டபத்தில், நீ தாலி கட்டுவதற்கு முன்னால், செத்துப்போன உன் அப்பாவின் குரலை ஒலிபெருக்கியில் போடப்போகிறாய். இரண்டு, அப்பா இல்லாததால் பெற்றோர் உட்காரும் மணையில் உன் சித்தப்பாவும் சித்தியும் உட்காருவார்கள். நான் கீழே முன்வரிசையில் இருந்து பார்க்கலாம். "பெரியவங்க எல்லாம் ஒரு மாதிரி ஃபீல் பண்றாங்கம்மா. சும்மா ஃபார்மாலிட்டிதான். முன்வரிசைன்னா உனக்கு நல்லாவே தெரியும்" என்றாய். இரண்டாவதற்கு நான் வாயே திறக்கவில்லை. முதலாவதற்கு வேண்டாம் என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "அழுதுடுவோம்னு பயப்படுறியா?" என்று கேட்டாய். அழுகைக்கு நான் என்றைக்குடா பயந்தேன்? வெங்காயம் நறுக்குகிறவள் மாதிரி அழுது முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவள் நான். காரணம் வேறு. அதைச் சொல்ல உன் காதுக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை.

கல்லூரிக் கடைசி வருஷத்தில் ஒரு கூட்டாளியிடமிருந்து பழைய இயர்போன் ஜோடி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாய். "இதுல கேட்டா தபேலாக்காரர் எந்தப் பக்கம் உக்காந்திருக்கார்னு கை நீட்டிக் காட்டலாம்மா" என்று எனக்கும் மாட்டிவிட்டாய். எனக்கு யாரும் எங்கேயும் உட்கார்ந்திருப்பதாகத் தெரியவில்லை. உன் முகத்தைப் பார்த்துவிட்டு "ஆமாண்டா, இந்தப் பக்கம்" என்று ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டினேன். வேலைக்குப் போன பிறகு கேட்கவே வேண்டாம். வீட்டில் எதைத் திறந்தாலும் டிப் என்று நீ சொல்லும் ரப்பர் மொட்டு. சின்னது, நடுத்தரம், பெரியது, பஞ்சில் செய்த ஒரு வகை. காதை ஓட்டை இல்லாமல் அடைத்தால்தான் கீழ்ச்சத்தம் இறங்குமாம். கடுகு டப்பாவில் ஒன்று கிடந்து, அதைத் தாளித்தும் விட்டேன். அப்புறம் வயரை மாற்றினாய். செம்பு போய் வெள்ளி பூசியது வந்தது. வெள்ளியில் கொலுசு வாங்கினாலாவது ஒருத்தி போட்டுக்கொள்வாளே என்றேன். அப்புறம் போனில் நேராகச் செருகினால் பத்தாது என்று நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு டாங்கிள். ஒன்றை வாங்கிப் பிரித்த அன்றைக்கே அடுத்ததைப் பற்றிப் படிக்க உட்கார்ந்துவிடுவாய். கையில் இருப்பதில் என்ன குறை என்று கண்டுபிடித்த பிறகுதான் உனக்குச் சோறு இறங்கும்.

புதிதாக வந்ததை உடனே காதில் வைக்க மாட்டாய். அது பழக வேண்டுமாம். பீரோவுக்குள் என் சேலைகளுக்கு நடுவில் வைத்து, பாட்டை ஓடவிட்டு, நாள் கணக்கில் சாத்திவைப்பாய். மாற்றுச்சேலை எடுக்கத் திறந்தால் மடிப்புக்குள்ளிருந்து கொசு முனகுகிற மாதிரி யாரோ பாடிக்கொண்டிருப்பார்கள். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, பொடவைக்கெல்லாம் பாட்டு சொல்லிக் குடுத்துக்கினு கீறியா?" என்பார். "காது ரெண்டுதான கீது? இத்தினி ஜோடி எதுக்குடா?" என்பார். நீ சிரிக்க மாட்டாய். அவருக்கு விளக்கம் சொல்ல ஆரம்பிப்பாய். அவரும் உட்கார்ந்து கடைசி வரைக்கும் கேட்பார். ஒன்றும் புரியாமல் தலையை மட்டும் ஆட்டுவார். சேலை வாங்க வருகிறவர்கள் சொல்லும் வீட்டுக் கதையையெல்லாம் கேட்டுப் பழகிய தலை அது.

அவர் மயிலாப்பூர் சந்தில் பிறந்து வளர்ந்தவர். தி.நகர் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றே காலம் போனது. கடையில் "வாங்க மேடம், உட்காருங்க மேடம்" என்று அவ்வளவு இலக்கணமாகப் பேசுவார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தத் தமிழையும் கழற்றி வைத்துவிடுவார். தீபாவளிக் கூட்டத்தில் கவுண்டரைத் தாண்டிப் போய்விட்ட அம்மாளைத் திரும்பி வர வைக்கிற தொண்டை அவருக்கு. அந்தத் தொண்டையே மேற்கு மாம்பலத்தின் இந்தச் சின்ன வீட்டில் உன் அறைவரை எட்டவில்லை. சாப்பிடக் கூப்பிட உன் அறை விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார். நீ ஒரு காதை மட்டும் கழற்றி "என்னப்பா?" என்பாய். மற்றது பாட்டிலேயே இருக்கும். "பாதிப் பையன்தான் வரான். பாதி சோறு போடு" என்று என்னிடம் சொல்வார். அவருக்கு அது விளையாட்டு. எனக்கு அன்றைக்கும் எரிச்சல், இன்றைக்கும் எரிச்சல்.

ஆனால் உன்னை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு நீ படித்த வருஷம் நினைவிருக்கிறதா? மிக்ஸி போடக் கூடாது என்று அம்மியில் அரைத்தேன். யாராவது வந்தால் மாடிப்படியிலேயே நிறுத்திக் கிசுகிசுவென்று பேசி அனுப்பினேன். நான் அந்தக் கடைச் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்து, ஓரம் அடித்துக் கொடுக்கிறவள். நீ புத்தகத்தைத் திறந்தால் மெஷினை நிறுத்திவிடுவேன். உன் அப்பா ஊமை பாஷையில் காபி கேட்பார். இந்த வீட்டில் நாங்கள் எழுப்பும் சத்தமெல்லாம் உனக்கு இடைஞ்சல் என்று உனக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்தது நான்தான். நீ நன்றாகப் படிக்கிற பையன், அதையும் நன்றாகப் படித்துக்கொண்டாய்.

இனி அந்த ரெக்கார்டுக்கு வருகிறேன். என் மெஷின் ஒருநாள் கடகடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அசோக் நகரில் மெஷின் ரிப்பேர் செய்கிறவருக்கு அப்பா போன் போட்டார். "ஓட்டச் சொல்லி சத்தத்த ரெக்கார்ட் பண்ணி அனுப்பு சார். இன்னா பார்ட்டுன்னு பாத்து கையோட எடுத்துக்கினு வரேன்" என்றார் அவர். அப்பா தன் போனில் ரெக்கார்டை அழுத்தி மெஷின் பலகைமேல் வைத்தார். நிறுத்த மறந்துவிட்டார். அனுப்பவும் மறந்துவிட்டார். மறுநாள் அந்த ஆளே வந்து சரிசெய்துவிட்டுப் போய்விட்டார். அன்று அனுப்பித் தொலைத்திருந்தால் அவர் போனிலாவது அது இன்றைக்கு இருந்திருக்கும்.

அதில் பெரிய பேச்சு எதுவும் இல்லை. மெஷின் ஓடும். குக்கர் கத்தும். தெருவில் கீரைக்காரம்மா போவாள். ஸ்டேஷன் பக்கம் மின்சார ரயில் ஊதும். நடுவில் நாங்கள்.

"ஓட்டு, ஓட்டு. நிறுத்தாத."

"ஓட்டிட்டுத்தான இருக்கேன். நீங்க வாய மூடினாத்தான் மெஷின் சத்தம் அதுல ஏறும்."

"நான் இன்னா பேசினேன்? நான் பேசவே இல்லியே."

"அப்ப இதுக்குப் பேரு என்ன?"

இப்படியே போகும். கடைப் பேச்சு, பக்கத்து வீட்டுப் பேச்சு. பிறகு உன் பேச்சு வரும். "பையன் கல்யாணத்துக்கு நானே நின்னு பொடவ எடுப்பேன். ஒருத்தனையும் கிட்ட சேக்க மாட்டேன்" என்பார். அதற்கு நான் என்னவோ சொல்கிறேன். "அடிப்பாவி!" என்று சிரிக்க ஆரம்பிக்கிறார். அப்படி ஒரு சிரிப்பு. இருமல் வந்து, அடங்கி, மறுபடி சிரிக்கிறார். நான் என்ன சொன்னேன் என்றுதான் தெரியவில்லை. பல்லில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு பேசியிருக்கிறேன். அதற்கு மேல் மெஷின் வேறு ஓடுகிறது. எத்தனை தடவை போட்டுக் கேட்டும் பிடிபடவில்லை. சொன்னவளுக்கே ஞாபகமில்லை. வீட்டில் பேசுவதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

ஒரு காலையில் கடைக்குக் கிளம்பினவர் பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் போனைத் துழாவியபோது இது அகப்பட்டது. தைக்க உட்காரும்போது பலகைமேல் போனை வைத்துப் போட்டுவிடுவேன். அதில் ஓடுகிற மெஷினும் என் காலடியில் ஓடுகிற மெஷினும் சேர்ந்து ஓடும். எது எதுவென்று தெரியாது. அவர் பேசுவார். அதில் இருக்கும் நானும் பதில் சொல்வேன், இங்கே இருக்கும் நானும் பதில் சொல்வேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள். அந்த வருஷத்தை நான் அப்படித்தான் தள்ளினேன்.

நீ ஒருநாள் வந்தபோது அதைக் கேட்டு முகத்தைச் சுளித்தாய். "இவ்ளோ கரகரன்னு இருக்கு, எப்படிம்மா கேக்குற? குடு, க்ளீன் பண்ணித் தரேன்." எனக்கு உயிரே வந்தது. தபேலாக்காரர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று காட்டுகிற காதல்லவா உன்னுடையது? போனைக் கொடுக்கும்போது சொன்னேன். "அப்பா சிரிக்கிறாரே, அதுக்கு முன்னாடி நான் என்ன சொன்னேன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுடா." நீ "சரிம்மா, சரிம்மா" என்றாய். அப்போது உன் ஒரு காதுதான் காலியாக இருந்தது. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பதில்தான்.

திரும்பி வந்தபோது கையில் புதுப் போன். அப்பாவின் பழைய போனைத் தி.நகரில் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டாயாம். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, உன்னிடம் இருந்ததிலேயே உசத்தியான ஜோடியை எடுத்தாய். வயர் காதுக்குப் பின்னால் வளைந்து இறங்க வேண்டும். என் காது மாட்டல் இடித்தது. "அதக் கழட்டிடும்மா" என்றாய். துக்கத்துக்கு வந்தவர்கள் கழற்றச் சொல்லி முணுமுணுத்தபோதுகூட நான் கழற்றாத மாட்டல் அது. உனக்காகக் கழற்றினேன். மொட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்து, என் காதுக்குச் சின்னதுதான் பொருந்தும் என்று கண்டுபிடித்தாய். உன் கை அவ்வளவு பக்குவமாக இருந்தது. என் காதை அப்படி யாரும் தொட்டதில்லை. அப்புறம் போட்டாய்.

உன் அப்பா என் தலைக்குள் வந்து நின்றார். மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. "ஓட்டு, ஓட்டு. நிறுத்தாத." சத்தமில்லை. "நான் இன்னா பேசினேன்? நான் பேசவே இல்லியே." சத்தமில்லை. மெஷின் இல்லை, குக்கர் இல்லை, தெரு இல்லை, நான் இல்லை. ஆளில்லாத வீட்டில் ஒரு மனுஷன் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். யாரோ பதில் சொன்னது போலக் காத்திருந்து காத்திருந்து பேசினார். கல்யாணப் பேச்சும் வந்தது. கொஞ்சம் வெறுமை. பிறகு "அடிப்பாவி!" என்று சிரித்தார். ஒன்றுமே இல்லாததற்குச் சிரித்தார்.

நான் அழுதேன். நீ பூரித்துப்போனாய். "என்ன க்ளாரிட்டி பாத்தியா?" என்றாய். உன் முகத்தில் அவ்வளவு பெருமை. மொட்டுகளைக் கழற்றி உன் கையில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"நான் பேசினதெல்லாம் எங்கடா?"

"அது அப்பா வாய்ஸ டிஸ்டர்ப் பண்ணுச்சும்மா. அப்பா மட்டும் தனியா வரட்டும்னு எடுத்துட்டேன்."

"பழசு இருக்கா?"

"அது மேலயே சேவ் ஆயிடுச்சு. அது வேஸ்ட்மா. அத வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?"

சரவணா, அந்த ரெக்கார்டை எடுத்ததே மெஷின் சத்தத்துக்காகத்தான். உன் அப்பாவின் குரல் அதில் தெரியாத்தனமாக ஏறியது. எதற்காக எடுத்தாரோ அதையே அழுக்கு என்று துடைத்துவிட்டாய். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் உன்னைத் திட்டித் தீர்த்திருப்பேன். நல்லது நினைத்துச் செய்தாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நன்றி சொல்லிவிட்டு வயிறெரிய வேண்டியிருக்கிறது.

நீ கட்டிக்கொள்ளப்போகும் நித்யா நல்ல பெண். நிறையப் பேசுகிறாள், ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து ஊரைச் சுற்றிவிட்டு வருகிறாள். எனக்கு அது பிடித்திருக்கிறது. அவள் பேசும்போது ஒரு காதை மட்டும் கழற்றாதே. இரண்டையும் கழற்று. பாட்டில் செய்வாயே, இதைக் கொஞ்சம் ஏற்று, அதைக் கொஞ்சம் இறக்கு என்று விரலால் தள்ளிக்கொண்டே இருப்பாயே, அந்த வேலையை அவளிடம் காட்டாதே. அப்படித் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் உனக்குப் பிடித்த சத்தம் மட்டும் மிஞ்சும். அவள் இருக்க மாட்டாள். கையில் இருப்பதில் குறை தேடுகிற புத்தியை அடையாறு வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போ. நான் சொல்லி நீ கேட்கப்போவதில்லை என்று தெரியும். பெற்றவள் வாய் சும்மா இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை நீ கோபப்பட்டுக் கொண்டிருந்தபோது நடுவில் ஒன்று கேட்டேன், கவனித்தாயா? "சரி, வெட்டினது போகட்டும். வெட்டும்போது நீ கேட்டிருப்பியே, அந்த இடத்துல நான் என்னடா சொன்னேன்?" என்றேன். பழைய ரெக்கார்டைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தவன் நீ ஒருவன்தான். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியலம்மா. நான் கேக்கல. ஸ்கிரீன்ல எல்லாம் கோடு கோடா வரும். உன் கோடு சின்னதா இருந்துச்சு, பாத்து செலக்ட் பண்ணி டெலிட் பண்ணிட்டேன்" என்றாய். அதைச் சொல்லிவிட்டு அதே மூச்சில் மண்டபத்து ஸ்பீக்கரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய்.

இத்தனை வருஷம் இத்தனை ஜோடி வாங்கி, மாற்றி, விற்று, திரும்ப வாங்கி வளர்த்த காது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அதைக் கேட்டுவிட்டு வெட்டியிருக்கலாம்.

மணையிலும் இப்போது அதைத்தான் செய்கிறாய். அப்பா மட்டும் தனியாக வரட்டும் என்கிறாய். செத்தவர் குரலுக்கு மேடையில் இடம் இருக்கிறது. உயிரோடு இருக்கிறவள் மேடையில் ஏறினால் பெரியவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. உன்னைப் பெற்றது நானும்தான், சித்தப்பா இல்லை. போனில் வாயடைத்து நின்றதை இப்போது எழுதிவிட்டேன்.

ஆகவே இதுதான் என் முடிவு. அந்த மணையில் நான் உட்காருவேன். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் முன்வரிசையைக் கொடு; அங்கிருந்து நல்லாவே தெரியுமாம். இது முடியாது என்றால் நான் வீட்டில் இருந்துகொள்கிறேன், நீயும் அந்தக் குரலைத் தொடாதே. முடியும் என்றால் தாராளமாகப் போடு. என் கையில் ஒரு மைக்கைக் கொடுத்துவிட்டுப் போடு. அவர் பேசட்டும். நீ வெட்டிய ஒவ்வொரு இடத்திலும் என் பேச்சை நான் பேசுகிறேன். எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த ஓர் இடம் வரும்போது மட்டும் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. பேசாமல் உன் முகத்தைப் பார்ப்பேன். உன் அப்பா மண்டபம் அதிரச் சிரிப்பார். அவர் எதற்குச் சிரிக்கிறார் என்று நித்யா உன்னைக் கேட்பாள். நீ என்ன சொல்வாய்?

அம்மா